இலைப்பச்சைப் புடவையின் மறுபாதி

கள்ளக்குறிச்சி
3.11.2025

அண்ணிக்குச் செல்வி எழுதுவது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் நர்ஸ் வேலை பார்க்கும் மலையூரில் டவர் கிடையாது. நீங்கள் பாறைமேல் ஏறி நின்று கூப்பிடுகிற நேரம் இங்கே குக்கர் விசில் அடிக்கிற நேரம். இன்னொன்றும் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ஆமாங்க அண்ணி என்பேன். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். வெள்ளிமலை பஸ்ஸில் எப்படியும் மூட்டை வருகிறது, அதற்குள் இதுவும் வரட்டும்.

மூட்டையில் நாலு ஒட்டுப்போர்வை இருக்கிறது. புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு அளவாகத்தான் தைத்திருக்கிறேன். போன வருடக் குளிரில் நீங்கள்தான் ஆரம்பித்து வைத்தீர்கள். "சும்மாதான இருக்க, மலையில புள்ளைங்க நடுங்குதுங்க, ரெண்டு தச்சிக் குடேன்" என்றீர்கள். வீட்டுக்காரர் போன பிறகு செல்வி பாவம், அவளுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பீர்கள். இப்போது எனக்குப் பொழுது போதவில்லை.

துணிக்குப் பஞ்சமே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற டெய்லர் கடைகளில் ரவிக்கை வெட்டி மிஞ்சுகிற துண்டுகளை எனக்கென்று சாக்கில் போட்டு வைக்கிறார்கள். அதிலிருந்து பிள்ளைகளுக்கு ஆகிற பருத்தியை மட்டும் பொறுக்குவேன். விளிம்பையும் விடுவதில்லை. புதுத் துணியின் ஓரத்தில் மில் பெயரும் வண்ணப் பொட்டுகளும் அச்சடித்து விரல் அகலத்துக்கு வருமே, அதைத்தான் சொல்கிறேன். துவைத்தால் இழுக்கும் என்று டெய்லர்கள் அதை வெட்டி எறிவார்கள். ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் அதன் முறுக்கு அடங்கிவிடும். என் வீட்டுக்காரரிடம் கடைசிவரை பலிக்காத வைத்தியம் இதனிடம் பலிக்கிறது.

நம் இலக்கியாவுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் ஒன்று ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் மலையிலும் அண்ணன் கரும்புக் கொல்லையிலும் கிடந்த காலத்தில் என் வீட்டில் வளர்ந்த பெண் அவள். அவளுக்கு ஏனோதானோ என்று தைக்க முடியாது. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, நடுக் கட்டம் மட்டும் காலி. அதற்கு ஒரு நல்ல சிவப்பு வேண்டும். கிடைத்த சிவப்பெல்லாம் சாயம் விடுகிறது.

செல்வி


கல்வராயன்மலை
12.11.2025

செல்வி,

மூட்டை வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதன்மேல் எண்ணெய் டின்னை வைத்துவிட்டார், நல்லவேளையாகக் கறை படவில்லை.

போர்வைகள் நன்றாக இருக்கின்றன. நாலும் அன்றைக்கே போய்விட்டன. இன்னும் இரண்டு பேர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். இங்கே சாயங்காலமே பனி இறங்கிவிடுகிறது. நீ கீழே ஃபேன் போட்டுக்கொண்டு படுத்திருப்பாய், உனக்கு எங்கே தெரியப் போகிறது.

ஒரு குறை சொல்ல வேண்டும். அந்த விளிம்புத் துணியை நடுவில் வைத்துத் தைக்காதே. விறைப்பாக இருக்கிறது, ஒரு குழந்தையின் கன்னத்தில் மில் பெயர் பதிந்துவிட்டது. அதன் அப்பா அதைப் பார்த்துச் சிரிக்கிறான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இலக்கியாவுக்கு வளைகாப்பு தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறார்கள். தியாகதுருகத்தில், சம்பந்தி மலர்விழி வீட்டிலேயே. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். எனக்கு இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

அண்ணி


கள்ளக்குறிச்சி
26.11.2025

அண்ணிக்கு,

மில் பெயர் பதிந்த பிள்ளைக்கு என் பேரில் ஒரு முத்தம் கொடுத்துவிடுங்கள். இனி விளிம்பு நாலு ஓரத்துக்கு மட்டும்தான். நீங்கள் சொன்னது சரி என்பதோடு, அதுதான் அதற்கு ஏற்ற இடமும்கூட. பிள்ளையைத் தூக்குகிறவர்கள் போர்வையின் ஓரத்தைப் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். இந்த விளிம்பு எவ்வளவு இழுத்தாலும் பிரியாது.

இந்த மூட்டையில் மூன்று வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுக்கு அடிப்பக்கம் நல்ல கெட்டியான புடவைத் துணி போட்டிருக்கிறேன். அதை மட்டும் எந்த வீட்டில் தினமும் துவைப்பார்களோ அங்கே கொடுங்கள். சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று ஒரு மாதம் கழித்து எனக்குச் சொல்ல வேண்டும்.

வளைகாப்பைப் பற்றி "மற்றதைப் பிறகு எழுதுகிறேன்" என்று நிறுத்தியிருக்கிறீர்கள். மற்றது என்றால் நான்தானே. எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்க வராது. நான் வரலாமா, வரக் கூடாதா? அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள்.

செல்வி


கல்வராயன்மலை
5.12.2025

செல்வி,

இதைப் படித்த கையோடு பதில் போடு.

நீ சொன்ன அந்தக் கெட்டிப் போர்வையைப் பாப்பாத்தி என்கிற பெண்ணுக்குக் கொடுத்திருந்தேன். நேற்று தடுப்பூசிக்காக அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை ஈரம் பண்ணிவிட்டது, போர்வையை உதறித் திருப்பிப் போட்டாள். அடிப்பக்கம் இலைப்பச்சை, கடுகு நிறக் கரை. கரையைக் கையில் பிடித்துப் பார்த்தேன். உன் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் அண்ணன் கருமாதி அன்று, பிறந்த வீட்டுக் கோடி என்று நானும் உன் அண்ணனும் கொண்டுவந்து உன் தோளில் போட்ட புடவை அது. கடையில் ஏறி இறங்கி நான் எடுத்த புடவை எனக்குத் தெரியாதா.

தாலி இறங்கிய அன்றைக்கு மேலே விழுந்த துணியை, கண் திறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்கு யாராவது போர்த்துவார்களா? நான் இந்த ஊரில் நர்சம்மா என்று பேர் எடுத்து நடமாடுகிறேன். என் கையாலேயே அதைக் கொடுக்க வைத்துவிட்டாய். இது எத்தனை போர்வையில் இருக்கிறது? மறைக்காமல் எழுது.

பாப்பாத்தியிடமிருந்து அதை எப்படியாவது திருப்பி வாங்கிவிடுவேன். நீ தைப்பதை நிறுத்து. இலக்கியாவுக்கு ஒன்றும் தைக்க வேண்டாம். நீ கேட்ட அந்த ஒரு வரிக்கு இப்போது என்னால் பதில் எழுத முடியாது.

கோகிலவாணி


கள்ளக்குறிச்சி
11.12.2025

அண்ணிக்கு,

எப்போதும் அண்ணி என்று முடிப்பீர்கள். இந்தத் தடவை பெயரைப் போட்டிருக்கிறீர்கள். சரி, நானும் செந்தமிழ்ச்செல்வி என்று முழுப்பெயரைப் போட்டுக்கொள்கிறேன்.

மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. எல்லாப் போர்வையிலும் இருக்கிறது. மேலே வெட்டுத்துண்டு, கீழே பழைய புடவை, நடுவில் கதகதப்புக்கு மடித்து வைப்பது அத்தனையும் கோடிப் புடவைதான். போன வருடம் முதல் போர்வையிலிருந்தே அப்படித்தான்.

அன்றைக்கு என்மேல் எத்தனை புடவை விழுந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, சின்னசேலத்துப் பங்காளிகள் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டார்கள், எனக்கு மூச்சு முட்டியது. ரோஸ், ஊதா, கிளிப்பச்சை, ஆரஞ்சு. பொட்டு வைக்காதே, பூ வைக்காதே என்று சொல்கிற அதே வாயால் இத்தனை கலரைக் கொண்டுவந்து போட்டார்கள். நல்லது எதற்கும் கட்டிக்கொண்டு போகக் கூடாதாம், தூக்கிப் போடவும் கூடாதாம். ஒரு பெட்டி நிறைய வைத்துக்கொண்டு நான் அதன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டுமா? கத்தரிக்கோலை எடுத்தேன். முதல் புடவையை வெட்டும்போது அழுதேன். இரண்டாவதை வெட்டும்போது அழவில்லை.

ஆகாத துணி என்கிறீர்கள். மாதாமாதம் அந்தப் பிள்ளைகளைத் தராசில் போட்டு எடை பார்க்கிறவர் நீங்கள்தான். என் போர்வையில் படுத்த எந்தப் பிள்ளை இளைத்தது என்று சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

உங்கள் புடவையை மட்டும் நான் நடுவில் மறைத்து வைக்கவில்லை, வெளியே தெரிகிற இடத்தில் வைத்தேன். அதை இரண்டு பாதியாக வெட்டினேன். துவைத்தால் எப்படி நிற்கிறது என்று பார்க்க ஒரு பாதியை மலைக்கு அனுப்பினேன். மறுபாதி இலக்கியாவின் போர்வைக்கு அடிப்பக்கம். அதை நிறுத்தப் போவதில்லை. ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

செந்தமிழ்ச்செல்வி


கல்வராயன்மலை
24.12.2025

செல்வி,

உன் கடிதத்தைப் படித்துக் கிழித்துப் போடலாம் என்றிருந்தேன், கிழிக்கவில்லை.

பாப்பாத்தி வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு கேட்க மனம் வராமல், சந்தையில் ஒரு நல்ல கம்பளி வாங்கிக்கொண்டு போனேன். கம்பளியை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். பிள்ளைமேல் போர்த்தி அழகு பார்த்தாள், மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு பழையதைக் கொடு என்றேன். எதுக்குங்க என்றாள். வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன், அது கோடிப் புடவை என்று.

"செத்தவரு போத்துனதாங்க?"

இல்லை, அவர் பெண்டாட்டிக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த புதுத்துணி என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு போர்வையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கம்பளி குத்துகிறதாம், அதைப் பெரியவர்கள் போர்த்திக்கொள்வார்களாம். கம்பளியும் போயிற்று, போர்வையும் வரவில்லை. தெருவில் நடந்து வரும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ கேட்டாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். துணி சுருங்கவில்லை, சாயமும் போகவில்லை.

எடையைப் பற்றி எழுதியிருந்தாய். எந்தப் பிள்ளைக்கும் எடை குறையவில்லை. ஆனால் செல்வி, என் பயம் இந்தப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் இல்லை. சம்பந்தி வீடு அப்படிப்பட்டது. நாளைக்கு ஒரு சின்னக் காய்ச்சல் வந்தால்கூட மலர்விழி அம்மா எதை எடுத்துப் பேசுவார் என்று உனக்குத் தெரியாது. அந்த வீட்டில் என் பெண் வாழ வேண்டும். அதனால் கேட்கிறேன். வளைகாப்புக்கு நீ வா. வரவேண்டாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் வந்தால் முன்னால் வந்து உட்கார வேண்டாம், சமையற்கட்டுப் பக்கம் இருந்துகொள். எல்லாம் முடிந்த பிறகு இலக்கியாவே உன்னிடம் வருவாள்.

அண்ணி


கள்ளக்குறிச்சி
2.1.2026

அண்ணிக்கு,

பாப்பாத்திக்கு என் கும்பிடு. கம்பளியை வாங்கிக்கொண்டு போர்வையையும் வைத்துக்கொண்டாளே, அவள் பிழைத்துக்கொள்வாள்.

சமையற்கட்டுக்கு நான் வரவில்லை. அங்கே நிற்பதற்கு ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்கள். என் மடியில் வளர்ந்த பெண்ணுக்கு வளையல் போடுகிற சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்க என்னால் முடியாது. எனக்கு வலிக்கிறது அண்ணி. இதற்குமேல் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முன்னால் உட்காரலாம் என்றால் வருகிறேன். இல்லையென்றால் அன்றைக்கு இங்கே மெஷினில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் புடவையை ஏன் வெளியே வைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஜவுளிக் கடையில் கோடிக்கு என்று சொன்னால் ஒரு தனிப் புடவைக் கட்டை இழுத்துப் போடுவார்கள். மினுக்கும், விரித்தால் அந்தப் பக்கம் தெரியும், ரெண்டு துவைப்பில் நைந்துவிடும். யாரும் கட்டப் போவதில்லை என்று வாங்குகிறவர்களுக்கும் தெரியும், விற்கிறவர்களுக்கும் தெரியும். பெட்டியில் இருந்த அத்தனையும் அந்த மாதிரிக் கட்டிலிருந்து வந்தவை. ஒன்றே ஒன்றுதான் வேறு. ஓரத்தைத் தடவியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது நாள்பட உடுத்துவதற்கென்று நெய்த புடவை. செல்வி இதைக் கட்டிக்கொள்வாள் என்று யாரோ ஒருத்தர் நினைத்திருக்கிறார். இலைப்பச்சை எனக்குப் பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நானும் ஒரு தடவை கட்டிக்கொண்டேன். வாசல் தெளிக்கப் போனேன். எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "கோடியா? நல்லாக்கீதே" என்றார். அவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். நான் உள்ளே வந்து அவிழ்த்து மடித்து வைத்துவிட்டேன், பிறகு கட்டவில்லை. இவ்வளவு நல்ல துணியைப் பூச்சிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் உடம்பில் இருக்க முடியாவிட்டால் பிள்ளை உடம்பிலாவது இருக்கட்டும்.

நடுக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சிவப்பு கிடைக்கவில்லை.

செல்வி


கல்வராயன்மலை
14.1.2026

செல்வி,

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன். அழுதுகொண்டிருந்தேன் என்று எழுதினால் நீ கிண்டல் செய்வாய், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் புடவையை எடுத்த அன்று கடையில் உன் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. கடைக்காரர் தனிக் கட்டை இழுத்துப் போட்டார். நான் அதைத் தள்ளிவிட்டு அலமாரியைக் காட்டச் சொன்னேன். "கோடிக்கு எதுக்குடி இம்மாம் நல்ல பொடவ" என்றார் உன் அண்ணன். "அவளுக்கு இன்னா வயசாயிடுச்சி, கட்டிக்கினு போவட்டும்" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அந்தப் புடவையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ கட்டி நான் பார்க்கவும் இல்லை. உனக்கு அது தெரியவே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஓரத்தைத் தடவியே தெரிந்துகொண்டிருக்கிறாய்.

நேற்று லீவு போட்டுவிட்டுத் தியாகதுருகம் போனேன். நான் போனில் பேசுவேன், எல்லோரும் ஆமாம் என்பார்கள் என்று எழுதினாயே, நேரில் இன்னும் நன்றாகப் பேசுவேன். சம்பந்தி அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோடியைப் பற்றியும் சொன்னேன், போர்வையைப் பற்றியும் சொன்னேன். மலையில் இந்தப் போர்வையில் படுத்து எடை கூடிய பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னேன். என் நாத்தனார் முன்வரிசையில் உட்காருவாள், வளையலும் போடுவாள், போர்வையையும் அவள்தான் கொடுப்பாள் என்றேன்.

"ஊரு இன்னா பேசும்னு யோசிச்சிங்களா?" என்றார்.

யோசித்தேன், ஒரு மாதமாக அதைத்தான் யோசித்தேன், அலுத்துவிட்டது என்றேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். காபி வந்தது, சர்க்கரை இல்லாமல் வந்தது. இலக்கியா என் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தானே வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்தாள். சம்பந்தி அம்மா அன்றைக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருப்பார். இருக்கட்டும், நீ வா.

இந்தப் பார்சலில் ஒரு புடவை வைத்திருக்கிறேன். அரக்குச் சிவப்பு. இது கோடி இல்லை, பொங்கலுக்கு நான் உனக்கு எடுத்தது. தனிக் கட்டிலிருந்தும் எடுக்கவில்லை, ஓரத்தைத் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். நடுக் கட்டத்துக்கு நீ சிவப்பு தேடுகிறாய் என்பது எனக்குத் தெரியும். இதன் பக்கத்தில் கத்தரிக்கோலைக் கொண்டு போனால் கையை உடைத்துவிடுவேன். கட்டிக்கொண்டு வர வேண்டும்.

அண்ணி


கள்ளக்குறிச்சி
20.1.2026

அண்ணிக்கு,

புடவையை நான் தொடவில்லை, சத்தியமாக முழுசாக இருக்கிறது. வந்த அன்றைக்கே கட்டிக்கொண்டு வாசல் தெளித்தேன். எதிர்வீட்டு அம்மா பார்த்தார். "எங்க அண்ணி எடுத்துக் குடுத்தது" என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் அதோடு வந்த ரவிக்கைத் துணியை வெட்டாமல் ரவிக்கை தைக்க முடியாது, அதற்கு நீங்கள் என் கையை உடைக்க முடியாது. கைக்கும் கழுத்துக்கும் வெட்டியது போக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சியது. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன், பிழிந்து பார்த்தேன், சாயம் போகவில்லை. இப்போது அது நடுக் கட்டத்தில் இருக்கிறது. மேலே உங்கள் சிவப்பு, அடியில் உங்கள் பச்சை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். முன்வரிசையில் இடம் போட்டு வையுங்கள். மடியில் போர்வையை விரித்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன், கொஞ்சம் அகலமாகவே போடுங்கள்.

செல்வி